வண்டியைச் சுமந்த வண்டி

ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டி ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வண்டியின்மேல் வண்டி ஏறுவதை அவர்கள் கண்டாரில்லை. நாமோ அதனை அன்றாடம் காண்கின்றோம். தஞ்சோங் மாலிம், ரவாங் வழியாக நெடுஞ்சாலையிற் செல்வோருக்கு அது ஒரு புதுமையன்று. ஆலையிலிருந்து புறப்பட்ட புத்தம் புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு, நீண்ட லாரிகள் மேட்டிலே மூச்சிரைக்க ஏறிப்போகும். பின்னால் வருவோர் சலித்துக்கொள்வர், முந்திச் செல்லுங்கால் ஏறியிருக்கும் கார்களின் நிறத்தைப் பார்ப்பர், விலையைப் பேசுவர். கீழே இருந்து சுமக்கிறதே, அதன் பெயர் என்ன என்று இதுவரையில் எவரும் கேட்க நாம் கேட்டதில்லை.

அவ்வாறு கேட்கத் தகாததென்று விடப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு வண்டி எம்மைப் பல நாள் யோசிக்க வைத்தது. ஈப்போவுக்கு அருகே லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. எம்மைவிட மூத்தவராதலால் அவரை அண்ணன் என்றே அழைப்பது எம் வழக்கம். அவர் பட்டறைச் சுவரில் பழைய மோட்டார்ச் சஞ்சிகையிலிருந்து கிழித்தெடுத்த படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. எண்ணெய்க் கை பட்டுப்பட்டு ஓரமெல்லாம் கறுத்துப் போன படம்.

நீல நிற வண்டி. முகப்பு ஒரு காரின் முகப்பைப் போலத் திரண்டு உருண்டிருக்கின்றது. உயரமோ ஒரு மனிதன் நிற்கும் உயரத்தை ஒட்டியதே. அறையின் இரு பக்கமும் கதவுகள். அக்கதவுகளுக்குப் பின்னாலேதான் முன் சக்கரங்கள் வருகின்றன. அதற்குப் பின் தாழ்ந்து நீண்ட திறந்த முதுகு. அம்முதுகின்மேல், பல்லக்கில் அமர்ந்த சிற்றரசனைப்போல, வெள்ளி நிறப் பந்தயக் கார் ஒன்று. லாரி என்போமாயின் உடம்பு இடங்கொடுக்கவில்லை. கார் என்போமாயின் முதுகு இடங்கொடுக்கவில்லை.

பட்டறைப் பையன்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விபத்தில் நசுங்கிய காரைப் பாதியில் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றான் ஒருவன். சினிமாவுக்காகப் பலகையிலும் தகரத்திலும் செய்த பொம்மை என்றான் மற்றொருவன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார்.

“கதவுக்குப் பின்னால் சக்கரத்தை வைத்தவன் பஸ் செய்யத் தெரிந்தவன், தம்பி. உடம்பை அடித்தவன் கார் செய்யத் தெரிந்தவன். இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் இப்படி ஒரு வண்டி பிறக்கும்” என்றார்.

அவர் சொன்னது சரியே என்பது பின்னர் விளங்கிற்று. அவ்வண்டி ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்து மெர்ஸிடிஸ்-பென்ஸ் தொழிற்சாலை தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்துகொண்டது. விற்பனைக்கு வந்ததன்று, செய்யப்பட்டதும் ஒன்றே ஒன்றுதான். பந்தயக் கார் ஒன்றை விரைந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. 1954ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை போருக்குப் பின் மீண்டும் பெரும் பந்தயங்களில் இறங்கியது. அதனை ஒட்டி இவ்வண்டியும் உருவாகி, 1955ஆம் ஆண்டுப் பந்தயங்களின்போது சாலைகளில் ஓடிற்று.

உள்ளே இருப்பவை யாவும் இரவல். அடிச்சட்டம் 300 எஸ் என்னும் சொகுசுக் காரினுடையது, அதனை நீட்டிக்கொண்டார்கள். இயந்திரம் 300 எஸ்.எல். என்னும் ஓட்டக் காரினுடையது. கதவுகள் பறவை இறக்கை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்குமே, அந்தக் கார்தான். மேலுடம்பின் சில பகுதிகள் 180 என்னும் எளிய குடும்பக் காரிலிருந்து வந்தவை. சீமானிடம் எலும்பும், வீரனிடம் இருதயமும், குமாஸ்தாவிடம் சட்டையும் வாங்கிக்கொண்டு பிறந்த பிள்ளை அது.

இயந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை. அக்காலத்துக்கு அது மிகப் புதியது. சக்தி 192 குதிரை. வெறும் வண்டியின் எடை 2,100 கிலோ. பந்தயக் காரையும் ஏற்றினால் 3 டன்னை நெருங்கும். அத்தனைச் சுமையோடும் மணிக்கு 160 முதல் 170 கிலோமீட்டர் வேகம் ஓடக்கூடியது. அதாவது நூறு மைலுக்கு மேல். இதன் பெருமை விளங்க வேண்டுமாயின் அந்நாளைய மற்ற வண்டிகளை நோக்குதல் வேண்டும். எந்த 180இன் சட்டையை இது போட்டிருந்ததோ, அந்த 180க்கு 52 குதிரைச் சக்தி. வேகம் சுமார் 126 கிலோமீட்டர். சாமானிய ஜெர்மானியன் வாங்கக் கனவு கண்ட வோக்ஸ்வாகனுக்கு 30 குதிரை, 110 கிலோமீட்டர். ஆகவே, தோளில் இன்னொரு காரைத் தூக்கிக்கொண்டு போன இந்த லாரி, ஒன்றையும் தூக்காமல் போன பெரும்பாலான கார்களைப் பின்னுக்குத் தள்ளியது.

அண்ணனுக்கு வேகத்தில் அக்கறை பிறக்கவில்லை. அவர் அளவுகோலை எடுத்தார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3,050 மில்லிமீட்டர், முழு நீளம் 6,750 மில்லிமீட்டர் என்று நாம் படித்துச் சொன்னோம். படத்தின்மேல் கோலை வைத்துப் பார்த்தார், மனக்கணக்குப் போட்டார்.

“சக்கரங்களுக்கு வெளியே முன்னும் பின்னுமாக 3,700 நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம். நம் தோட்டத்துச் சாலையில் இதை விட்டால் முதல் பள்ளத்திலேயே மூக்கு மண்ணைக் குத்தும்” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அதெல்லாம் போகட்டும். ஓடப்போவது மேலே இருப்பது. சுமக்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு வேகம்?” என்று கேட்டார்.

நாம் தூக்கமிழந்தது இக்கேள்வியினால்தான். விளம்பர ஆசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். பணம் படைத்த கம்பெனிகள் விளம்பரத்துக்காக எதுவும் செய்யும் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டின் பந்தய நாட்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது வேறொரு விடை கிடைத்தது. மே 22, மொனாக்கோ. மே 29, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். ஜூன் 5, பெல்ஜியத்தின் ஸ்பா. ஜூன் 11, பிரான்ஸின் லெ மான். ஜூன் 19, ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட். நான்கே வாரங்களில் ஐந்து நாடுகள். இவற்றுள் மொனாக்கோவில் அக்குழுவின் கார்கள் பழுதுற்று வெற்றியைக் கோட்டை விட்டன. பழுதுற்றதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஸ்டட்கார்ட். அடுத்த பந்தயமோ ஒரு வாரத்தில்.

லெ மானிலிருந்து ஸ்டட்கார்ட் சாலை வழியே எண்ணூறு கிலோமீட்டர் அளவு இருக்கும். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் பாதி வழி போனால் எவ்வளவோ அவ்வளவு. மணிக்கு ஐம்பது, அறுபது என்று உருளும் லாரிக்கு அது பகலும் இரவுமான பிரயாணம். இந்த நீல வண்டி நல்ல சாலை கிடைத்த இடத்திலெல்லாம் அந்நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தும். மிச்சமான ஏழெட்டு மணி நேரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பந்தயம் ஓடிய பாஞ்சியோவுக்கன்று, மாஸுக்கன்று, ஓரத்தில் நின்று கொடியசைத்த குழுத் தலைவர் நொய்பவருக்குமன்று. விளக்கு வெளிச்சத்தில் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு, விடிவதற்குள் பூட்டி முடிக்க வேண்டிய பட்டறைத் தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டியின் வேகம் அவன் கைகளுக்கு வாங்கிக் கொடுக்கப்பட்ட அவகாசம்.

இதைச் சொன்னதும் அண்ணன் முகம் மலர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக, நாளைக் காலையில் லாரி ரோட்டில் இருக்க வேண்டும் என்று அதட்டும் முதலாளிகளையே கண்டவர். பழுதான வண்டியைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒருவன் 192 குதிரையைச் செலவிட்டான் என்பது அவருக்கு நம்ப முடியாத மரியாதையாகப் பட்டது.

எனினும் இக்கதையில் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 11ஆம் தேதி மாலை, லெ மானில் அக்குழுவின் கார் ஒன்று முன் சென்ற காரின்மேல் மோதித் தூக்கியெறியப்பட்டு, கூடியிருந்த ஜனத்திரளுக்குள் பாய்ந்தது. ஓட்டிய லெவெக் மாண்டார். அவரையன்றி எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டனர். மெர்ஸிடிஸ் குழு எஞ்சிய கார்களை அவ்விரவே பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டு புறப்பட்டது. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து நாடுகளின் பெரும் பந்தயங்கள் அவ்வாண்டு ரத்தாயின. ஓட்டப் போட்டியின் மோகத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் ஒரு தனிக் கட்டுரை வேண்டும், இப்போது விடுவோம். எஞ்சிய பந்தயங்களில் அக்குழு வென்றது. பாஞ்சியோ மீண்டும் உலக வீரரானார். ஆண்டு முடிவில் தொழிற்சாலை பந்தயங்களிலிருந்தே விலகிக்கொண்டது.

அரசன் துறவு பூண்டால் பல்லக்குக்கு என்ன வேலை? வெள்ளிக் கார்கள் காட்சிசாலைக்குச் சென்றன. நீல வண்டி அமெரிக்காவுக்குக் கப்பலேறிச் சில காலம் கண்காட்சிப் பொருளாயிருந்தது. திரும்பி வந்ததும் அதனையும் காட்சிசாலையில் வைக்கும் எண்ணம் இருந்தது, நடக்கவில்லை. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் பகுதியாரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பல ஆண்டுகள் அதனை ஓட்டினார்கள். 1967ஆம் ஆண்டு டிசம்பரில், ஓடி ஓடித் தேய்ந்தது போதுமென்று அதனை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். உலகில் ஒன்றே ஒன்றாயிருந்தது அத்தோடு ஒன்றுமில்லாததாயிற்று.

அதற்கு ஜெர்மானியர் வைத்த செல்லப்பெயர் ‘நீல அதிசயம்’ என்பது. இதிலே ஒரு வேடிக்கை இருக்கின்றது. ஜெர்மன் மொழியில் ஒருவன் தன் நீல அதிசயத்தைக் காண்பான் என்றால், எதிர்பாராத இடி ஒன்று அவன் தலையில் விழப்போகிறது என்று பொருள். டிரெஸ்டன் நகரத்தில் ஆற்றின்மேல் 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரும்புப் பாலம் ஒன்றுக்கும் இதே பெயர் வழங்குகிறது. பாலம் இன்றும் நிற்கிறது. பெயரின் இரண்டாம் பொருள் வண்டிக்குத்தான் பலித்தது.

இதே தொழிலைச் செய்த இன்னொரு நீல வண்டியின் கதி வேறாக இருந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் எக்கூரி எக்கோஸ் என்றொரு சிறு பந்தயக் குழு இருந்தது. 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து லெ மானில் வென்ற குழு. அவர்களுக்கென்று பால்கர்க் நகரத்து அலெக்ஸாண்டர் என்னும் பஸ் கட்டும் கம்பெனியார் ஒரு லாரியைக் கட்டிக் கொடுத்தார்கள். மேல்தட்டில் இரண்டு கார், கீழே ஒன்று. கூடவே பட்டறை வேலைக்கு இடம். அதன் இயந்திரம் காமர் டி.எஸ். 3. மூன்று சிலிண்டருக்குள் ஆறு பிஸ்டன்கள், இரண்டிரண்டாக ஒன்றை ஒன்று எதிர்நோக்கி மோதுவதுபோல் வந்து விலகும் டீசல் இயந்திரம். அதன் சத்தத்தைக் கேட்டவர்கள் மறப்பதில்லை என்பார் அண்ணன். அந்த லாரி உடைபடாமல் தப்பியது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி லண்டன் ஏலத்தில் அதற்குக் கிடைத்த விலை 17 லட்சம் பவுண்டுக்கு மேல்.

அது தப்பியதற்கு ஒரு பொம்மைக்கும் பங்கு உண்டென்று நாம் கருதுகின்றோம். 1961ஆம் ஆண்டில் கோர்கி என்னும் பொம்மைக் கம்பெனி அந்த லாரியின் சிறு வடிவத்தைச் செய்து விற்றது. பையன்கள் கையில் வைத்து உருட்டிய வண்டியை, அவர்கள் பெரியவர்களானபின் எளிதில் மறப்பார்களா? நாம் சிறுவனாயிருந்தபோது எங்கள் தோட்டத்துத் துரை வீட்டுப் பையனிடம் அந்த நீலப் பொம்மை இருந்தது. பங்களா வேலிக்கு இப்பால் நின்று பார்ப்போம். ஒரு நாள் அவனே வேலியருகே கொண்டுவந்து, பின்பக்கத்துச் சாய்தளத்தை இறக்கிக் காட்டினான். தொடவிட்டான். பிறகு உள்ளிருந்து யாரோ கூப்பிட, ஓடிவிட்டான்.

அன்று மாலை லயத்துக்குத் திரும்பியதும் எம் தந்தையாரிடம், நம் லாரியிலும் கார் ஏற்றலாமா என்று கேட்டோம். அவர் தோட்டத்து லாரி ஓட்டியவர். பெட்போர்டு லாரி. விடியற்காலை பெரட்டு முடிந்ததும் வெளிக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போகும். பகலில் பால் ஏற்றி ஸ்டோருக்கு வரும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும். கல்யாணத்துக்கு அதுவே ஊர்வலம். பிரசவ வேதனைக்கு அதுவே ஆஸ்பத்திரி வண்டி. கடைசிப் பிரயாணத்துக்கும் பல பேருக்கு அதுவே பாடை. “காரை ஏற்றினால் ஆட்கள் எங்கே ஏறுவார்கள்?” என்று மட்டும் தந்தையார் திருப்பிக் கேட்டார்.

அறுபதுகளின் முடிவில் தோட்டம் விற்கப்பட்டுத் துண்டு துண்டாயிற்று. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வயிறு கலங்கும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. ஆட்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தார்கள். லாரி ஒரு பழைய இரும்புக்காரர் வசம் போயிற்று. அதைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரிக்கு மேல் இருந்திருக்க நியாயமில்லை.

ஸ்டட்கார்ட்காரர்களுக்குப் பின்னாளில் மனம் உறுத்திற்று. 1993ஆம் ஆண்டில், தாங்களே உடைத்த வண்டியைத் தாங்களே மறுபடியும் செய்வதென்று தொடங்கினார்கள். வரைபடம் கிடையாது. கையில் இருந்தவை சில புகைப்படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து அளந்து, தகட்டைத் தட்டி வளைத்து, 2001ஆம் ஆண்டில் முடித்தார்கள். சுமார் ஆறாயிரம் மணி நேர வேலை. நாளுக்கு எட்டு மணியென்று ஒருவனே செய்தால் 750 நாள். அறுத்துப் போடச் சில நாள் போதும். திரும்பச் செய்ய எட்டு ஆண்டு. இப்போது கம்பெனியின் சேகரத்தில் இருப்பது அந்த இரண்டாம் பிறவியே. அண்ணன் சுவரில் இருந்த படமும், துருவோ கீறலோ இல்லாத அதன் பளபளப்பைப் பார்த்தால், இரண்டாவதன் படமாகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாய்ச் செய்ததைப் பழையதென்று கொள்வது தகுமா என்று எமக்குள் ஒரு தர்க்கம் எழுந்தது. 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது எந்தச் சாலையிலும் ஓடவில்லை. எவன் விழித்திருந்த இரவையும் அது அறியாது. ஆகவே அது அதுவன்று என்பது எம் கட்சி. அண்ணன் ஒப்பவில்லை.

“நாலு தடவை இயந்திரம் மாற்றி, இரண்டு தடவை உடம்பு மாற்றி ஓடுகிற லாரிகள் என் பட்டறைக்கு வருகின்றன. ஓட்டுகிறவன் அதைப் பழைய வண்டி என்றுதான் சொல்கிறான். மனிதன் அளவை மறக்காமல் இருந்தால் வண்டி சாகவில்லை, தம்பி” என்றார். நாம் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

பிறகு அவரே கேட்டார்: “உங்கள் அப்பா ஓட்டிய பெட்போர்டுக்குப் படம் ஏதாவது உண்டா?”

லாரிக்கென்று யார் படமெடுப்பார்கள்? ஆனால் வீட்டில் ஒரு படம் உண்டு. எம் அத்தை மகளின் கல்யாணத்தன்று எடுத்தது, கறுப்பு வெள்ளை. மணமக்களைச் சுற்றிப் பெண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். இடது ஓரத்தில், எவரும் கவனியாத இடத்தில், லாரியின் முன் மட்கார்டும், ஒரு சக்கரமும், கதவில் பாதியும் விழுந்திருக்கின்றன. அடுத்த ஞாயிறு அதனைக் கொண்டுபோனோம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மணமக்களைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டு, ஓரத்துக்குப் போய்விட்டார்.

“வளையம் இருபது அங்குலம். டயரோடு சேர்த்தால் மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே. அது போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்” என்று கோலை வைத்தார். படத்தில் சக்கரம் பதினொரு மில்லிமீட்டர் இருந்தது. பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டு, “நிறம் என்ன?” என்றார்.

“பச்சை. கதவில் தோட்டத்துப் பெயர், வெள்ளை எழுத்தில்.”

அதையும் எழுதிக்கொண்டார்.